பூஜையில் வைத்த சாவி

பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கு தன் தாடையைத் தொட்டதும் நிறுத்தி, அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறார் ஹால் அண்ணன். திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. "வழி, வழி, வழி" என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டே போகும். ஆளில்லாத ஹாலிலும் அதையே சொல்வார். இங்கே யாரிடம் வழி கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "யாரும் இல்லாதப்பதான் யாராவது குறுக்க வருவாங்க" என்றார். அனுபவஸ்தர் சொன்னால் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

பெரிய ஹால், சின்ன ஹால், சமையலறை, மேடை, மேடைக்குப் பின்னால் சாமான் அறை, வாசலை ஒட்டி அலுவலகம் என்று ஒரு சின்ன பொந்து. இவ்வளவையும் திறப்பவர், பூட்டுபவர், கூட்டுபவர், மைக் வைப்பவர், ஃபியூஸ் போனால் நாற்காலிமேல் ஏறி நின்று கட்டுபவர் எல்லாம் இவர் ஒருவரே. வயது அறுபதை நெருங்குகிறது. வலது முழங்காலுக்குத் தினமும் தைலம். கொலு பார்க்க வருகிற பெண்கள் மல்லிகை, ஊதுபத்தி, தைலம் மூன்றையும் சேர்த்து மோந்து பழகிவிட்டார்கள். தைல வாசனை வராத நவராத்திரி அவர்களுக்கு நவராத்திரி மாதிரியே இருக்காது.

எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான். "ஆகட்டும்." மேடையை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா அண்ணே? ஆகட்டும். மத்தியானமே சமையலறை வேணுமே அண்ணே? ஆகட்டும். இருநூறு பேர் சொன்னோம், முந்நூறு பேர் வந்துட்டாங்களே அண்ணே? அதற்கும் ஆகட்டும். இந்த மனிதர் வாயில் 'ஆகாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லாரும் கேட்கிறார்கள்.

புரட்டாசி பிறந்தால் போதும், பிடித்தது சனி. நவராத்திரிக்கு ஒரே கட்டடத்தில் மூன்று கூட்டம். காலையில் பெரிய ஹாலில் துர்க்கை பூஜைக்காரர்கள் மேளம் அடிப்பார்கள். மாலையில் அதே ஹாலில் வடக்கத்திக்காரர்களின் கோலாட்டம். சின்ன ஹாலில் பெண்கள் சங்கத்தின் கொலு ஒன்பது நாளும் அசையாமல் நிற்கும். அது முடிந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் தீபாவளிச் சந்தை, தீபாவளி விருந்து, அப்புறம் கார்த்திகை விளக்கு. பண்டிகைகளை அவர் சாமியை வைத்து அடையாளம் சொல்வதில்லை. தரையில் என்ன மிச்சம் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்வார். கொலுவென்றால் மிதிபட்ட சுண்டல். துர்க்கை பூஜையென்றால் குங்குமம். தீபாவளியென்றால் வாசலெல்லாம் கரிந்த மத்தாப்புக் கம்பி. கார்த்திகையென்றால் எண்ணெய். "எண்ணெய்கூடப் போயிடும். இந்தக் கோலாட்டக்காரங்க பாவாடையில இருந்து கொட்டுற ஜிகினா இருக்கே, அது மட்டும் போகாது. போன வருஷத்து ஜிகினா என் தலையில இன்னும் இருக்கு பாருங்க" என்று குனிந்து காட்டுவார். நிஜமாகவே இருக்கும்.

கொலுப்படி கட்டுவது தனிக் கதை. ஹாலில் இருக்கிற மடக்கு மேஜைகள், பெஞ்சுகள், மேடைப் பலகைகள், அடியில் அண்டை கொடுக்கச் செங்கல். எல்லாவற்றையும் வெள்ளை வேட்டியால் மூடிவிட்டால் ஏழு படி. பெண்கள் சங்கத்தின் செயலாளர் அம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"அண்ணே, மூணாவது படி சாயுற மாதிரி இருக்கே?"

"படி சாயலைம்மா. நான்தான் சாயுறேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. இவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஊருக்கெல்லாம் படி கட்டுகிறவர் வீட்டிலும் கொலு உண்டு. ஐந்து படி. இரண்டு டிரங்குப் பெட்டி, செருப்பு அடுக்கும் ஸ்டாண்டு, மரப்பலகை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே அவர் மனைவியின் கல்யாணப் புடவை. அதன் கிழிசல் பின்பக்கம் போகும்படி மடித்திருப்பாள். பொம்மைகள் கொஞ்சம்தான். பிறந்த வீட்டில் கொடுத்த மரப்பாச்சி ஜோடி, மளிகைக் கடை செட்டியார், மூக்கு உடைந்து ஒட்டிய கிருஷ்ணன், வருஷத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த மற்றவை. ஆனால் கூத்தைக் கேளுங்கள்: அந்தக் கொலுவை விளக்கோடு அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஒன்பது நாளும் மாலையில் அவர் ஹாலில் இருந்தாக வேண்டும். வீடு திரும்பும்போது விளக்கு மலையேறியிருக்கும், பொம்மைகள் இருட்டில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கூடப் பார்த்துவிட்டு, "பிரமாதம்க்கா" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் பார்க்கவில்லை.

"நாளைக்கு வர்றேன்" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். மனைவி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்கே ஒருநாள் தோன்றியதாம்.

இந்த வருஷம் கதை வேறு. கார்த்திகைக்கு முன்னால் இருவரும் மகன் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. மகன் நல்லவன்தான், கூப்பிட்டதும் அவன்தான். ஆனால் அவன் ஃபிளாட்டில் இரண்டு பேர் காலை நீட்டினால் மூன்றாமவர் தாண்டித்தான் போக வேண்டும். "பொம்மையெல்லாம் வைக்க இடமில்லம்மா" என்று போனில் சொன்னான். மனைவி, "சரிப்பா" என்றாள். கொலு முடிந்ததும் எந்தப் பொம்மை யார் வீட்டுக்கு என்று சொல்லியும் வைத்துவிட்டாள். மரப்பாச்சியை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் நாள் காலை, அவர் செருப்பை மாட்டும்போது அவள் கேட்டாள்.

"என்னங்க, இதுதான் கடைசி. ஒரே ஒரு நாள் விளக்கு ஏத்துற நேரத்துக்கு வந்துடுங்களேன்."

கேட்டது அவ்வளவுதான். இவர் மனசுக்குள் எல்லா நாளையும் ஓட்டிப் பார்த்தார். சரஸ்வதி பூஜையன்றைக்கு மட்டும் வழி இருந்தது. அன்று கோலாட்டக்காரர்களுக்கு வேறு இடத்தில் பெரிய நிகழ்ச்சி. பெண்கள் சங்கத்தின் பூஜை மத்தியானத்தோடு சரி. நாலு மணிக்குப் பூட்டினால், பஸ் பிடித்து, சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டு உட்காரலாம்.

"ஒம்போதாம் நாள் வர்றேன். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். வாங்க போதும்" என்றாள்.

அந்த எட்டு நாளும் முழங்கால் என்ன பாடு படுத்தியும், அவர் வாயில் ஒரு முனகல் வரவில்லை. ஒன்பதாம் நாள் என்கிற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தூக்கினார்.

ஒன்பதாம் நாளும் வந்தது. சங்கத்தில் புது ஏற்பாடு: சரஸ்வதி பூஜையோடு ஆயுத பூஜையும் சேர்த்து, எல்லாரும் அவரவர் தொழிலுக்கான பொருளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கொலுவுக்கு முன்னால் ஒரு ஜமக்காளம் நிறையச் சாமான். வீணை, பிள்ளைகளின் புத்தகங்கள், டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப், யாரோ ஒருவரின் லேப்டாப், ஹால் கமிட்டிப் பொருளாளரின் கார்ச் சாவி, சமையல்காரரின் கரண்டி. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. செயலாளர் அம்மா பக்திப் பரவசத்தில் சுற்றும் முற்றும் பார்த்தார். கதவோரம் இவர் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே! உங்களுதை வைக்கலையே?"

"என்னுதா? என்கிட்ட என்னம்மா இருக்கு? தொடப்பந்தான்."

"சாவி இருக்கே! இந்த ஹாலே உங்க சாவியிலதானே ஓடுது. குடுங்க, குடுங்க."

அவருக்குச் சட்டென்று ஏதோ ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் செய்வது ஒரு தொழில், அதற்கும் ஓர் ஆயுதம் உண்டு என்று யாரும் சொன்னதில்லை. இடுப்பு வளையத்திலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். வேட்டி நுனியால் ஒவ்வொரு சாவியாகத் துடைத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மைக்கைச் சரிபார்க்கப் போனார். கொத்துக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் பூ. தீபாராதனை முடிந்ததும் செயலாளர் அம்மா மைக்கிலேயே அறிவித்தார்: "நாளைக்குக் காலைல மறுபூஜை முடியிற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. இன்னிக்கு எல்லாத்துக்கும் ஓய்வு!"

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா வைத்தது ரப்பர் வெடித்த பழைய ஸ்டெதாஸ்கோப். லேப்டாப், உயிர் போய் ரொம்ப நாளான லேப்டாப். பொருளாளர் வைத்தது உபரிச் சாவி, அசல் அவர் சட்டைப்பையில் இருந்தது. கரண்டிகூடப் புதுசு, இன்னும் விலைச்சீட்டு பிரிக்கவில்லை. எல்லாருக்கும் மறுநாள் வரை பிழைப்பு ஓட வேண்டுமே! அசலையே தூக்கிச் சாமி காலடியில் வைத்த மகானுபாவர் இவர் ஒருவர்தான்.

கூட்டம் சுண்டலோடு கலைந்தது. கூட்டினார், குப்பையைக் கட்டினார், விளக்குகளை அணைத்தார், பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பெரிய கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டும் கையில்தான் இருந்தது. அது அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு இல்லை, சாவி போட்டுத் திருகினால்தான் பூட்டும் பழைய பூட்டு. அப்போதுதான் உறைத்தது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

திறந்து போட்டுவிட்டுப் போகிற இடமா அது? உள்ளே வீணை இருக்கிறது, ஆளுயர வெள்ளி விளக்கு இருக்கிறது. மாற்றுச் சாவி அலுவலக பீரோவில். பீரோச் சாவி பூவுக்கு அடியில், கொத்தில்.

எடுத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார். கொலுவுக்கு முன்னால் போய் நின்றார். கை வரவில்லை. பயம் கொஞ்சம் இருந்தது, அதை ஒளிப்பானேன்? வீடு மாறப் போகிற நேரம், மகன் குடும்பம், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆனால் பயத்தைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. ஆசையாக, இரண்டு கையாலும் கொடுத்தது. வாழ்நாளில் சாமிக்கென்று அவர் வைத்த ஒரே பொருள். அதைச் சாயந்திரத்துக்குள் திருப்பிப் பிடுங்குவதா?

செயலாளர் அம்மாவுக்குப் போன் போட்டார். தூக்கக் குரல்.

"அய்யோ, இதுக்குப் போய்! எடுத்துப் பூட்டிட்டுப் போங்கண்ணே. சாமி கோவிச்சுக்காது."

"அப்ப நீங்க வந்து எடுத்துக் குடுத்துடுங்கம்மா. நான் பூட்டிடறேன்."

"நானா?" தூக்கம் போய்விட்டது. "நான் எப்படிண்ணே? மைக்ல சொன்னதே நான்தானே. நீங்களே எடுத்துடுங்க, தப்பில்ல."

பூஜை செய்த குருக்களுக்குப் போட்டார். பின்னால் வேறு வீட்டு மணிச் சத்தம். "பொதுவா எடுக்கிறதில்ல. அவசரம்னா மனசார வேண்டிக்கிட்டு எடுக்கலாம்."

"நீங்க வந்து எடுத்துக் குடுப்பீங்களா சாமி?"

"எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்குப்பா."

எடுக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எடுக்க ஒருத்தர் இல்லை. மணி ஐந்தாகிவிட்டது. கடைசியாகப் பொருளாளர். அவர் வீடு அடுத்த தெரு. பாவம், நல்ல மனிதர், சொன்னதும் காரிலேயே வந்துவிட்டார். அரைக்கால் சட்டை, கையில் கார்ச் சாவி.

"அட, இதுக்கா அண்ணே இவ்வளவு யோசனை? எடுங்க, பூட்டுங்க, கிளம்புங்க."

"நீங்க எடுத்துக் குடுங்க சார்."

"குடுத்தாப் போச்சு" என்று விறுவிறுவென்று கொலு முன்னால் போனார். குனிந்தார். கையை நீட்டினார். பூவுக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது. சாவியைப் பார்த்தார், அம்பாளைப் பார்த்தார்.

"வீட்டுல தெரிஞ்சா சத்தம் போடுவா" என்று இழுத்தார். "மகளுக்கு வேற பரீட்சை வருது. நேத்துதான் வேண்டிக்கிட்டேன்..." கை மெதுவாகப் பின்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. "நீங்களே எடுங்கண்ணே. உங்க சாவிதானே?"

ஹால் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்து அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவிக் கொண்டுவந்து, வாசலைப் பார்க்கப் போட்டார்.

"உக்காருங்க சார்."

"எதுக்கு?"

"நான் காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

பொருளாளர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எதிரே சிரிப்பு இல்லை. "என்னண்ணே விளையாடுறீங்க? ராத்திரி பூராவும் நான் எப்படி இங்க..."

"நான் தெனமும் இங்கதான் சார் இருக்கேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே, அது இல்லை. "என் வீட்டுல விளக்கு வைக்கிற நேரம். நான் போகணும்."

"யாரையாவது ஏற்பாடு பண்ணலாம், கொஞ்சம் பொறுங்க..."

"ஆகாது சார்."

சொன்னவருக்கே அந்தச் சொல் புதிதாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மனசு மாறிவிட்டது என்று பொருளாளர் பாதி எழுந்துவிட்டார். "கொசு வரும். ஃபேனை மூணுல வெச்சுக்குங்க. நாலுல வெச்சா கத்தும்" என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டார். பின்னால், "அண்ணே! அண்ணே!" என்ற குரல் தெருமுனை வரை வந்தது. திரும்பவில்லை.

பஸ்ஸில் பண்டிகைக் கூட்டம். நெரிசலில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே தூங்கிப்போனார். எட்டு நாள் தூக்கம், அது இடம் பார்க்குமா, நேரம் பார்க்குமா? கண் விழித்தபோது அவருடைய நிறுத்தம் தாண்டி எங்கேயோ பஸ் போய்க்கொண்டிருந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் வராமல், நடந்தார். முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் கேள்வி கேட்டது. இருட்டிவிட்டது. ஆறு மணி எப்போதோ போய்விட்டது. வாய்த்த ஒரு நாளையும் தூங்கித் தொலைத்தாயே மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். அவள் ஏற்றியிருப்பாள். வந்தவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். வழக்கம்போல மலையேறின விளக்கைத்தான் பார்க்கப் போகிறோம். அழுகை வந்தது. வயசான ஆம்பிளை தெருவில் அழுதுகொண்டு போனால் நன்றாகவா இருக்கும் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெருவில் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். அவர் வீட்டு ஜன்னல் மட்டும் இருட்டாக இருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. செருப்போடு உள்ளே போய்விட்டார்.

"ஏம்மா? எங்க இருக்கே? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இங்கதான்." கொலுவுக்கு முன்னால், தரையிலிருந்து குரல் வந்தது.

"விளக்கு ஏத்தலையா?"

"வர்றேன்னு சொன்னீங்களே."

"மணி என்ன ஆச்சு! பாக்க வந்தவங்கல்லாம்?"

"நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்." அவள் எதையோ தரையில் தள்ளினாள். அவர் காலில் வந்து இடித்தது. தீப்பெட்டி. "எல்லா நாளும் நானேதான் ஏத்தினேன். இன்னிக்கு நீங்க ஏத்துங்க."

சுவரைப் பிடித்து, முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் ஆறு மணியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். நவராத்திரி மாலையில் அவள் எப்படி இருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. குச்சியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார், விரலைச் சுடும் வரை.

"விளக்கு அங்க இருக்கு" என்றாள் அவள்.

அவர் இன்னொரு குச்சியை எடுத்தார்.